அரும்பதிவுகளின் அரசியற் பொருளாதாரம்: பொப் டிலனின் பாடற் களஞ்சியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பாடல் 'அரியது' என்று கூறப்படும்போது அச்சொல் எதனைக் குறிக்கின்றது? ஏட்டுச் சுவடி அரியதாவது எளிதில் விளங்கும். அதனைப் படியெடுக்க மனித உழைப்பு வேண்டும். படியெடுக்கப்படாதவிடத்துச் செல்லரித்துப் போகும். ஆனால், ஓர் அச்சிலிருந்து இலட்சக்கணக்கான படிகளை எடுக்கவல்ல இசைத்தட்டுத் தொழிலில் ஒரு பதிவு அரியதாவது எங்ஙனம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாடகரும் பாடலாசிரியருமான பொப் டிலனின் ஆக்கத்தொகுதி இவ்வினாவை ஆராய்வதற்கு வேறெதனினும் வாய்ப்பானது. 1962 முதல் 2020 வரை அவர் கலையகத்தில் ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டுகள் 39. இவற்றுக்குப் புறம்பாக, விலக்கப்பட்டவை, திருத்தப்பட்டவை, மேடையிற் பாடப்பட்டவை, வீட்டில் ஒலிநாடாவிற் பதியப்பட்டவை என்பன 1991 தொடக்கம் 'கள்ளப்பதிப்பு வரிசை' என்னும் பெயரில் அவரது நிறுவனத்தாலேயே வெளியிடப்பட்டு வருகின்றன. 2023இல் அவ்வரிசையின் 17ஆம் தொகுதி வெளிவந்தது. பிற கலைஞரிடத்து எச்சம் நூலின் பின்னிணைப்பாக அமையும். இவரிடத்தோ எச்சம் நூலைவிடப் பெரிதாகிவிட்டது.

இக்களஞ்சியத்தை இதுகாறும் இரு சாரார் நோக்கியுள்ளனர். முதற் சாரார் சேகரிப்பாளர். ஒவ்வொரு துணுக்கையும் மேதையொருவரின் மூச்சாகக் கொண்டு, திகதியும் இடமும் குறித்துப் பட்டியலிடுவது அவர் பணி. அவர்களது உழைப்பை எள்ளிநகையாடுதல் தகாது. ஆய்வாளர் பலர் அதன்மீது நின்றே பேசுகின்றனர். மற்றச் சாரார் நம்மவர், அதாவது இடதுசாரி விமர்சகர். 1964 நவெம்பரில் 'சிங் அவுட்!' இதழில் இர்வின் சில்பர் எழுதிய பகிரங்கக் கடிதம், டிலன் மக்களை விட்டு விலகித் தம் அகத்துள் முடங்குகின்றார் எனக் கண்டித்தது. 1965 யூலை 25ஆம் திகதி நியூபோட் விழாவில் அவர் மின்கிற்றாருடன் மேடையேறியதும் 'துரோகம்' என்ற தீர்ப்பு உறுதியாயிற்று. மேதை என்பாரும் துரோகி என்பாரும் தனிமனிதர் ஒருவரின் உளப்பாங்கையே வரலாற்றின் அலகாகக் கொள்கின்றனர். பாடல் யாருடைய சொத்து, அது எப்போது யாரால் யாருக்கு விற்கப்பட்டது என்ற வினா இரு தரப்பாராலும் போதியளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினூடாக இக்களஞ்சியத்தை அணுகுகின்றது.

டிலன் 1941இல் மினசோற்றா மாநிலத்திற் பிறந்து ஹிப்பிங் என்னும் இரும்புச் சுரங்க நகரில் வளர்ந்தவர். நகருக்கு அடியிலேயே தாது கிடந்தமையால் நகரையே பெயர்த்து அப்பால் வைத்த ஊர் அது. தந்தையார் மின்கருவிக் கடை நடத்தியவர். சுரங்கத் தொழிலாளரின் வருவாய் ஏறி இறங்குவதைக் கடையின் கணக்கேட்டிற் காணக்கூடிய சிறுமுதலாளிக் குடும்பம். 1961 ஜனவரியில் நியூயோர்க் வந்த அவர், நோயுற்றிருந்த வூடி கத்ரியைத் தேடிச் சென்று கண்டார். 1962 மார்ச்சில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் 13 பாடல்களுள் இரண்டே அவர் இயற்றியவை. அவற்றுள் ஒன்று கத்ரிக்கு வணக்கம் செலுத்துவது. அதன் மெட்டும் கத்ரியுடையதே. மிச்சிகன் மாநிலத்துக் கலுமெற் நகரில் 1913ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில், வேலைநிறுத்தஞ் செய்த செப்புச் சுரங்கத் தொழிலாளரின் குடும்பத்தவர் கூடியிருந்த மண்டபத்தில் தீப்பிடித்ததெனப் பொய்க்கூச்சல் எழ, நெரிசலிற் சிக்கி 73 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் குழந்தைகள். அதனைப் பற்றிக் கத்ரி பாடிய பாடலின் மெட்டே டிலனது முதற் சொந்தப் பாடல்களுள் ஒன்றைத் தாங்கி நிற்கின்றது.

இங்ஙனம் மெட்டெடுத்தல் அக்காலத்து நாட்டார் பாடகரிடையே குற்றமாகக் கருதப்படவில்லை. கத்ரியும் பழைய மெட்டுகளை எடுத்தே பாடினார். கையிலிருந்து கைக்கு மாறுந்தோறும் பாடல் வளரும் என்பது அவர்களது நடைமுறைக் கோட்பாடு. ஆயினும், இப்பொதுநிலத்தைப் பழுதற்ற ஆதிப் பொதுவுடைமையாகக் கற்பனை செய்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. நாட்டாரிசை மறுமலர்ச்சியின் மூலநூல் என்று சொல்லத்தக்க, ஹரி சிமித் 1952இல் தொகுத்த 84 பதிவுகள் கொண்ட தொகுப்பு, 1927 முதல் 1932 வரை வணிக நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டது. 'ஃபோக்வேய்ஸ்' நிறுவனம் அவற்றை உரிமையாளரிடம் கேளாமலே மறுவெளியீடு செய்தது. ஆக, அமெரிக்க நாட்டாரிசை என இளந்தலைமுறை கற்றுக்கொண்டது, முன்னர் பண்டமாகி, பொருளாதார மந்தத்தில் விலைபோகாது கைவிடப்பட்டு, பின்னர் அனுமதியின்றி மீட்கப்பட்ட ஒரு களஞ்சியத்தையே. முதலாவது கள்ளப்பதிப்பு அதுவெனினும் பொருந்தும்.

அப்பண்டத்தை ஆக்கியோர் நிலை யாது? ஜோர்ஜியாவைச் சேர்ந்த கண்பார்வையற்ற கறுப்பினப் பாடகர் வில்லி மக்ரெல் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெயரில், மற்றதற்கு வேறு பெயரிற் பாடினார். கொலம்பியாவின் தட்டில் அவர் 'பிளைண்ட் சமி'; ஓக்கேயின் தட்டில் 'ஜோர்ஜியா பில்'. ஒப்பந்தங்களுக்கிடையே வாழ்வதற்கு அவருக்குப் பல பெயர்கள் தேவைப்பட்டன. 1963இல் 'புறோட்சைட்' இதழின் பாடல்கள் ஃபோக்வேய்ஸ் தட்டாக வெளிவந்தபோது, கொலம்பியாவுக்குக் கட்டுப்பட்டிருந்த டிலனும் 'பிளைண்ட் போய் கிரன்ற்' என்ற புனைபெயரிற் பாடினார். இளம் வெள்ளையர் ஒருவர் இதனை விளையாட்டாகச் செய்ய முடிந்தது என்பதையும் மறத்தலாகாது.

1962இல் இயற்றப்பட்ட 'புளோயிங் இன் த விண்ட்' இவ்விடத்து விரிவாக நோக்கத்தக்கது. அதன் மெட்டு, அடிமைச் சந்தையினின்று விடுபட்ட கறுப்பின மக்களின் 'நோ மோர் ஓக்ஷன் புளொக்' என்னும் பாடலின் வழிவந்தது. மனிதர் ஏலம்விடப்பட்ட மேடையை மறுத்துப் பிறந்த மெட்டு, பதிப்புரிமை பெற்ற பாடலாகி, வெளியீட்டு நிறுவனத்தின் கணக்கிற் சேர்ந்தது. 'விற்மார்க்' என்னும் அந்நிறுவனத்துக்காக டிலன் 1962–64 காலத்திற் பல பாடல்களைத் தனியே கிற்றாருடன் பாடிப் பதிந்து கொடுத்தார். அவை மக்கள் கேட்பதற்கன்று. பிற பாடகருக்குப் பாடலை விற்பதற்கான மாதிரிகள். 1963இல் பீற்றர், போல், மேரி மூவர் குழு அப்பாடலைப் பாடிப் பெருவெற்றி ஈட்டியது. அக்குழுவுக்கும் டிலனுக்கும் முகாமையாளர் ஒருவரே, அல்பேற் குறொஸ்மன். தன் பொருட்டுப் பாடும் பாடகி உற்பத்தித்திறனற்ற உழைப்பாளி என்றும், அவளே தொழில்முனைவோன் ஒருவனால் அமர்த்தப்பட்டுப் பாடும்போது மூலதனத்தை உற்பத்தி செய்கிறாள் என்றும் மார்க்ஸ் 'உபரிப் பெறுமதி பற்றிய கோட்பாடுகளில்' சுட்டினார். பாடலில் மாற்றமில்லை, மாறுவது பாடல் நிற்கும் சமூக உறவு.

இனி அரும்பதிவுகளுக்கு வருவோம். டிலனின் இரண்டாவது இசைத்தட்டு 1963 மே மாதம் வெளிவந்தது. அதில் முதலில் இடம்பெற்றிருந்த நான்கு பாடல்கள் நீக்கப்பட்டு வேறு நான்கு சேர்க்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, 1958இல் தோன்றிய கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜோன் பேர்ச் சங்கத்தை, அதன் உறுப்பினனொருவன் கட்டிலுக்கடியிலும் கம்யூனிஸ்ட்டைத் தேடுவதாகக் காட்டி எள்ளுவது. அதே மே மாதம் 12ஆம் திகதி எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அப்பாடலைப் பாட சி.பி.எஸ். தொலைக்காட்சி இடங்கொடாமையால் டிலன் நிகழ்ச்சியிற் பங்குபற்றாது வெளியேறினார். கொலம்பியாவும் சி.பி.எஸ்.ஸின் சொத்தே. நீக்கப்பட்ட இன்னொன்று, அணுகுண்டுப் பதுங்குகுழியிற் புகுவதை மறுப்பவரின் பாடல். பழைய வரிசையுடன் தவறுதலாகச் சந்தைக்குச் சென்ற சில தட்டுகள், இசைத்தட்டுச் சந்தையில் மிகவுயர்ந்த விலைபெறுவனவற்றுட் சேர்ந்துள்ளன. பனிப்போர்க்காலத் தணிக்கை உண்டாக்கிய ஓர் இடைவெளி, அரை நூற்றாண்டின் பின் ஏலப் பொருளாகிவிட்டது. சேகரிப்பாளர் விலையைச் சொல்வர். விலைக்கான காரணத்தை அவ்வளவாகச் சொல்லார்.

விலக்கலுக்குத் தணிக்கை மட்டும் காரணமன்று. 1971 ஓகஸ்ட் 21ஆம் திகதி சான் குவென்ரின் சிறையிற் கொல்லப்பட்ட கறுப்பினப் புரட்சியாளர் ஜோர்ஜ் ஜக்சனைப் பற்றி டிலன் அவ்வாண்டு நவெம்பரில் ஒற்றைப்பாட்டுத் தட்டொன்று வெளியிட்டார். அது அவரது கலையக இசைத்தட்டு எதிலும் இடம்பெறவில்லை. 1965இல் அவர் அரசியலைத் துறந்தார் எனத் தீர்ப்பளித்தவருக்கு இப்பாடல் இடையூறானது. மேதையின் கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்போருக்கும் அவ்வாறே. இருவருக்கும் தேவைப்படாத பாடல் அரும்பதிவாகியதில் வியப்பில்லை. எனது கணிப்பில் இது அவரது சிறந்த பாடல்களுள் ஒன்றன்று. 1964ஆம் ஆண்டுத் தட்டிலுள்ள 'நோர்த் கன்ற்றி புளூஸ்' அதனினும் ஆழமானது. தென்னமெரிக்காவிற் கூலி மலிவென்று கூறிச் சுரங்கம் மூடப்பட்டதை ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி வாயிலாக அது சொல்கின்றது. மூலதனத்தின் புலம்பெயர்வை, உலகமயமாதல் என்ற சொல் வழக்கில் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, அடுப்பங்கரையிலிருந்து நோக்கிய பாடல் அது. 1983இல் 'யூனியன் சண்டவுன்' என்ற பாடலில் அவர் அப்பொருளுக்கு மீண்டார். அங்கு வசை மிகுந்து பெண்ணின் குரல் மறைந்துவிட்டது. துரோகக் கோட்பாடு இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பை நமக்கு இல்லாமற் செய்துவிட்டது.

1966 யூலையில் மோட்டார்ச் சைக்கிள் விபத்தின்பின் மேடையினின்று ஒதுங்கிய டிலன், 1967இல் நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ற் சோகேட்டிஸ் என்ற ஊரில் ஒரு வீட்டின் நிலவறையில், பின்னாளில் 'த பாண்ட்' எனப் பெயர்பெற்ற குழுவினருடன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார். ஒலிநாடாவை இயக்கியவர் அக்குழுவின் ஓகன் வாசிப்பாளர் கார்த் ஹட்சன். பழம்பாடல்களும் புதியனவும் வேடிக்கையும் கலந்த இவ்வொலிநாடாக்களை, உழைப்பிலிருந்து தப்பிய ஆனந்த விளையாட்டாகச் சித்திரிப்பது வழக்கம். அதிற் பாதி உண்மையுண்டு. மறுபாதி யாதெனில், அவற்றினின்று 14 பாடல்கள் தெரியப்பட்டு, பிறர் பாடும்பொருட்டு வெளியீட்டு நிறுவனத்தின் மாதிரித் தட்டாகச் சுற்றுக்கு விடப்பட்டமை. மான்ஃபிறெட் மான், பேர்ட்ஸ் முதலிய குழுவினர் பாடி வெற்றிகண்ட பாடல்கள் அவ்வழி வந்தவை. நிலவறையிலும் சந்தை இருந்தது.

1969 கோடையில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், வெறும் வெள்ளை உறையுடன் 'கிறேற் வைற் வொண்டர்' எனப்பட்ட இரட்டைத் தட்டு தோன்றியது. நிலவறைப் பாடல்கள் சிலவும் 1961இல் மினியாபொலிஸில் நண்பரிடையே பாடியவையும் அதில் இருந்தன. றொக் இசையின் பெயர்பெற்ற முதற் கள்ளப்பதிப்பு இதுவே. இதனைச் சில இளைஞரின் துணிச்சலாக மட்டும் காண்பது போதாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அன்று ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கவில்லை. பாடலுக்கு உண்டு, பதிவுக்கு இல்லை. 1971 ஒக்ரோபரில் நிறைவேறிய சட்டமே, 1972 பெப்ரவரி 15 முதல் ஆக்கப்படும் பதிவுகளுக்கு அதனை வழங்கியது. ஒலிநாடாக் கருவி மலிந்து படியெடுத்தல் எவர்க்கும் கைகூடியபோது உற்பத்திச் சக்திக்கும் சொத்துறவுக்கும் இடையே எழுந்த முரண்பாடு, முதலிற் கள்ளப்பதிப்பாகவும் அடுத்துச் சட்டமாகவும் வெளிப்பட்டது. கொலம்பியா தானே 1975இல் 24 பாடல்கள் கொண்ட நிலவறைத் தட்டை வெளியிட்டது. 2014இல் 138 பதிவுகளை ஆறு இறுவட்டுகளில் வெளியிட்டது. திருடப்பட்டதென்று கூறப்பட்ட பொருளுக்குச் சந்தையுண்டு என்பதைக் கள்ளச்சந்தை செலவின்றி ஆய்ந்து கொடுத்துவிட்டது. 1991இல் தன் வரிசைக்குக் 'கள்ளப்பதிப்பு' என்றே பெயரிட்டதில் நிறுவனத்தின் நகைச்சுவையுணர்ச்சியையும் பாராட்ட வேண்டும்.

எச்சம் பாடகருக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்பட்டதுண்டு. 1973இல் டிலன் கொலம்பியாவை விட்டு 'அசைலம்' நிறுவனத்துக்குச் சென்றபோது, முன்னர் விலக்கப்பட்டிருந்த பதிவுகளைத் திரட்டி, அவரது பங்களிப்பின்றி, 'டிலன்' என்னும் பெயரிலேயே கொலம்பியா ஒரு தட்டை வெளியிட்டது. குரல் அவருடையது, ஒலிநாடா நிறுவனத்தினுடையது. உழைப்பாளிக்கும் அவனது உழைப்பின் விளைவுக்கும் இடையேயான அந்நியமாதலை விளக்க மாணவர்க்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை. ஆனால் அவர் கொலம்பியாவுக்கு மீண்டபின் 1975 ஜனவரியில் வெளிவந்த 'பிளட் ஒன் த றக்ஸ்' வேறொன்றையும் காட்டும். அதன் பாடல்களுள் ஐந்து 1974 டிசெம்பரில் மினியாபொலிஸ் நகரின் உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு மீளப் பதியப்பட்டன. உறை முன்னரே அச்சாகியிருந்தமையால் அக்கலைஞர் பெயர் அதில் இல்லை. பின்வந்த பதிப்புகளிலும் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. பாடகர் நிறுவனத்துக்கு உழைப்பாளி. பக்கவாத்தியக்காரருக்கோ அவரே நிறுவனத்தின் முகம். ஒரே ஆள் இரு உறவுகளில் நிற்றலை வீரவழிபாட்டாலோ வசையாலோ விளக்கவியலாது.

2015இல் வெளிவந்த 'கட்டிங் எட்ஜ்' தொகுதி, 1965–66 ஆண்டுகளின் கலையகப் பதிவுகளை மூன்று வடிவங்களில் விற்றது: இரண்டு இறுவட்டுகள், ஆறு இறுவட்டுகள், 5,000 படிகளுக்கு மட்டுப்படுத்தப்பட்ட 18 இறுவட்டுகள். வோல்ற்றர் பென்ஜமின் 1930களில், இயந்திர மறுவுற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அகற்றும் என எதிர்பார்த்தார். இங்கு மறுவுற்பத்திக்கு எல்லை கட்டுவதன்மூலம் ஒளிவட்டம் திட்டமிட்டு ஆக்கப்படுகின்றது. எனினும், இத்தொகுதியின் ஓர் இறுவட்டு முழுவதும் 'லைக் எ றோலிங் ஸ்ரோன்' என்ற ஒரே பாடலுக்கு உரியது என்பது ஆய்வாளர்க்குப் பெரும்பேறு. 1965 யூன் 15, 16ஆம் திகதிகளில் அப்பாடல் மூன்றன் தாளத்தில் தடுமாறித் தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கி, நான்கன் தாளத்துக்கு மாறி வடிவுபெறுவதை நாம் கேட்கலாம். கறுப்பினத் தயாரிப்பாளர் ரொம் வில்சனின் அழைப்பில் வேடிக்கை பார்க்க வந்த கிற்றார்க் கலைஞர் அல் கூப்பர், தமக்குப் பழக்கமற்ற ஓகனில் அமர்ந்து வாசித்தது பாடலின் அடையாளமாயிற்று. நிறைவுபெற்ற பின்னரும் அவர்கள் பலமுறை பாடி முயன்றனர்; பழைய நிறைவு மீளவில்லை. மேதையின் ஒரு கணப் பொறி என நம்பப்பட்டது, பலர் கூடிய அறையில் நிகழ்ந்த கூட்டுழைப்பு என்பதற்கு வேறு சான்று எதற்கு? முடிந்த பண்டம் உழைப்பை மறைக்கின்றது. கழிக்கப்பட்ட பதிவு அதனைக் காட்டிக்கொடுக்கின்றது. 1991ஆம் ஆண்டுத் தொகுதியில் 1962இல் டிலன் பாடிய 'நோ மோர் ஓக்ஷன் புளொக்' இடம்பெற்றதும் இத்தகைய காட்டிக்கொடுப்பே. தாய் மெட்டு மகளுக்கு முப்பதாண்டு பிந்திச் சபையேறியது.

சட்டம் அரும்பதிவை எங்ஙனம் ஆக்கும் என்பதற்கு 2012ஆம் ஆண்டு நிகழ்வு உச்சம். ஒலிப்பதிவுக்குரிய உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, பதியப்பட்டு 50 ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவு உரிமையிழக்கும். எனவே 2012 இறுதியில் சோனி நிறுவனம், 1962ஆம் ஆண்டின் வெளிவராப் பதிவுகளை நான்கு இறுவட்டுகளில் ஏறத்தாழ நூறு படிகள் மட்டும் ஐரோப்பாவில் வெளியிட்டது. 'பதிப்புரிமை நீடிப்புத் தொகுப்பு' என்றே அதன் தலைப்பில் எழுதப்பட்டிருந்தது. கேட்பவருக்காகவன்றி உரிமைக்காக வெளியிடப்பட்ட பாடல்கள் அவை. நீடிப்பு நடைமுறைக்கு வருமுன்னரே காலம் முடிந்தமையால், 1962இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு 2013 ஜனவரியில் ஐரோப்பாவிற் பொதுச்சொத்தாயிற்று. அன்று வேண்டாமென ஒதுக்கப்பட்டவையோ 2080கள் வரையும் தனிச்சொத்தாக இருக்கும்.

டிலன் தாமும் பொதுநிலத்துக்கு மீள முயன்றார். 1992, 1993ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு தட்டுகளில் அவர் தனியே கிற்றாருடன் பழம்பாடல்களைப் பாடினார். முதலாவதில், ஆங்கிலப் பாடகர் நிக் ஜோன்சும் அயர்லாந்துப் பாடகர் போல் பிறேடியும் முன்னர் ஒழுங்கமைத்த முறைகள் தெளிவாகக் கேட்கின்றன. அவர்கள் பெயர் இல்லை. மரபுப்பாடல், ஒழுங்கமைத்தவர் டிலன் என்றே உறை கூறியது. இரண்டாவதிலோ பாடல்களை யாரிடம் கற்றார் என்பதை அவரே நீண்ட குறிப்பாக எழுதினார். மக்ரெல் பெயரும் அங்குண்டு. அக்குறிப்பை அவரது உரைநடையின் சிறந்த பகுதியாக நான் மதிக்கின்றேன். 2001 செப்ரெம்பரில் வெளிவந்த தட்டுக்கு 'காதலும் களவும்' என்னும் பொருள்படும் பெயரை மேற்கோட் குறிகளுக்குள் இட்டார். வெள்ளைத் தொழிலாளர் கறுப்பினத்தவராக வேடமிட்டு ஆடிய கூத்தைப் பற்றி எரிக் லொற் 1993இல் எழுதிய நூலின் பெயர் அது. எடுத்தலைப் பற்றிய பெயரே எடுக்கப்பட்டது.

2020 டிசெம்பரில் அவர் தமது அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களின் வெளியீட்டுரிமையை யூனிவேர்சல் நிறுவனத்துக்கு விற்றார். மூலப் பதிவுகளின் உரிமை 2021இல் சோனிக்கு விற்கப்பட்டமை 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. முதலாவது விற்பனையின் பெறுமதி 30 கோடி டொலருக்கு மேல் எனப் பத்திரிகைகள் மதிப்பிட்டன. நிலத்தின் விலை என்பது மூலதனமாக்கப்பட்ட வாரமே என்று மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் விளக்கியது இங்குப் பொருந்தும்: வாங்கப்பட்டது பாடலன்று, வருங்காலத்திற் பாடலைக் கேட்போர் செலுத்தவிருக்கும் வாரம்.

தாள்களும் ஒலிநாடாக்களும் கொண்ட ஆறாயிரம் உருப்படிகள் 2016இல் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகருக்குச் சென்றன. வாங்கியது எண்ணெய், வங்கித் தொழில்களிற் செல்வம் ஈட்டிய ஜோர்ஜ் கைசரின் குடும்ப நிதியம். வறட்சியாலும் வங்கிகளாலும் நிலமிழந்த ஒக்லஹோமா உழவரைப் பாடி, கம்யூனிஸ்ட் பத்திரிகையில் பத்தி எழுதிய வூடி கத்ரியின் ஆவணங்களையும் அந்நிதியமே 2011இல் வாங்கியிருந்தது. கத்ரி நிலையம் 2013இலும் அதனையடுத்து டிலன் நிலையம் 2022 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. கலுமெற் குழந்தைகளின் மெட்டு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்ற வழியை, இருவரது கைத்தாள்களையும் ஒருங்கே வைத்து ஒரே தெருவில் ஆராய இன்று வாய்ப்புண்டு. அவ்வாய்வை மேற்கொள்பவர் முதலில் விண்ணப்பம் செய்து அனுமதி பெறவேண்டும்.